தாபாசிம்பி: தாது தீருமுன்பே மூடிய இரும்புச் சுரங்கம்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நார்தம் பக்கத்துப் பிளாட்டினச் சுரங்கங்களைத் தாண்டி ஆர்510 சாலையில் போனால், தட்டையான முள்காட்டுக்கு நடுவே ஒரு செம்பழுப்பு மலைவரிசை எழும்பும். அதன் விலாவில் அடுக்கடுக்காகப் படி வெட்டியிருக்கும். கோயில் குளத்துப் படிக்கட்டை நூறு மடங்கு பெரிதாக்கி, மலைமேல் கோணலாகச் சாய்த்து வைத்தது போல. 1931இல் வேலை தொடங்கி 2016இல் ஓய்ந்த தாபாசிம்பி இரும்புச் சுரங்கம் அதுதான்.

என்னோடு வந்தவர், பிரிட்டோரியாவின் இந்தியர் குடியிருப்பான லாடியத்தில் பழக்கமான ஒரு பெரியவர். எண்பதைத் தொடும் வயது. நான் சேலத்துக்காரன், பிழைப்புக்காக இங்கே வந்து சென்சூரியனில் குடியிருப்பவன். அவருடைய குடும்பமோ நான்கு தலைமுறைக்கு முன் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தது. காரை ஓரம்கட்டி இருவரும் அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "இரும்பு எல்லாம் எடுத்து முடிச்சிட்டாங்களா தம்பி?"

"இல்லைங்கய்யா, உள்ளே இன்னும் இருக்கு."

"அப்ப ஏன் மூடினாங்க?"

சந்தை விலை விழுந்தது என்று சொன்னால் பாதிப் பதில்தான். அந்தச் சுரங்கம் எப்படி முடியும் என்பதைப் பாறை கிடந்த கிடையே முன்கூட்டிச் சொல்லிவிட்டது என்பது என் எண்ணம். அதை விளங்கவைக்கச் சற்றுத் தொலைவிலிருந்து வர வேண்டும்.

அடியில் டாலமைட், மேலே இரும்பு

சென்சூரியனில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு 'டாலமைட்' என்ற சொல் பழகிப்போகும். சுண்ணாம்புக்கல் வகைப் பாறை அது. மனைக்கு அடியில் டாலமைட் இருந்தால் மழைநீர் மெல்ல மெல்ல அதைக் கரைத்துப் பொந்தாக்கும், ஒருநாள் மேலே இருக்கும் தரை பொசுக்கென்று உள்ளே போகும். 1962 டிசம்பரில் கார்ல்டன்வில் பக்கத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றில், நிலத்தடி நீரை இறைத்து வடித்ததன் விளைவாகப் பள்ளம் வாய் திறந்து, கல் உடைக்கும் ஆலை ஒன்றையே 29 பேருடன் விழுங்கியது. அதுவும் மால்மானி என்று பெயர் பெற்ற இதே டாலமைட்தான். ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகைகளில் ஆதி மனிதனின் எலும்புகளைப் பாதுகாத்து வைத்திருந்ததும் இதுவே.

இந்த டாலமைட், 250 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் நுண்ணுயிர்ப் பாசிகள் அடுக்கடுக்காக வளர்ந்து படிந்த பாறை. பின்னர் கடல் ஆழமானது. அந்தக் காலத்துக் கடல்நீரில் இரும்பு கரைந்து கிடந்தது, காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. பாசிகள் வெளிவிட்ட ஆக்சிஜன் பட்டதும் இரும்பு துருவாகி அடியில் படிந்தது. ஒரு வரி இரும்பு, ஒரு வரி மணலின் மூலப்பொருளான சிலிக்கா, மறுபடி இரும்பு. இப்படிச் சேலைக்கரை மாதிரி வரிவரியாகச் சில நூறு மீட்டர் உயரத்துக்கு அடுக்கியது. இதைப் பட்டை இரும்புப்பாறை என்பார்கள். தாபாசிம்பியில் டாலமைட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இந்த அடுக்குக்குப் பெங்கே உருவாக்கம் என்று பெயர். ஏறக்குறைய 248 கோடி வயது.

எங்கள் ஊர்க் கஞ்சமலையும் இந்த இனம்தான். அமாவாசைக்கு அங்கே சித்தர் கோயிலுக்குப் போனவர்கள், காலடியில் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் கனமான கற்களைப் பார்த்திருப்பார்கள். கஞ்சமலைப் பாறை பூமிக்குள் ஆழமாகப் போய் வெந்து உருமாறிய பாறை. அதன் இரும்பு மேக்னடைட்டாக இருக்கிறது, காந்தம் ஒட்டும். தாபாசிம்பியில் தோண்டி எடுத்தது ஹேமடைட் என்ற வேறொரு இரும்புக் கனிமம். காந்தம் ஒட்டாது, ஆனால் டைல்ஸ் ஓட்டின் முதுகில் உரசினால் காவி நிறத்தில் கோடு விழும்.

பட்டை இரும்புப்பாறையை அப்படியே உலையில் போட முடியாது. அதில் இரும்பு 30 சதவீதம் சொச்சம், மீதியில் பெரும்பகுதி சிலிக்கா. உலைக்கு 60க்கு மேல் வேண்டும். தாபாசிம்பியில் இயற்கையே இந்த வேலையை முடித்து வைத்திருந்தது. நிலவியலாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம் இது: பூமியின் உள்ளிருந்து வந்த சூடான நீர், இரும்புப்பாறையின் அடிப்பகுதியில் புகுந்து சிலிக்காவைக் கரைத்து வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் கால்சைட், டாலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கார்பனேட் கனிமங்களை நிரப்பியது. நெடுங்காலம் கழித்து, மேலிருந்து இறங்கிய மழைநீர் அந்தக் கார்பனேட்டையும் கரைத்துக்கொண்டு போனது. மிச்சம் நின்றது ஹேமடைட், இரும்பு 60 முதல் 67 சதவீதம் வரை. இதற்குச் சாட்சி ஆழத்தில் இருக்கிறது. மழைநீர் எட்டாத இடங்களில் ஹேமடைட்டோடு கால்சைட்டும் டாலமைட்டும் டால்க் என்ற மாவுக்கல்லும் கலந்தே கிடக்கின்றன. அதாவது கீழே போகப் போகத் தாது தரம் குறையும். இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

இதே பெங்கே உருவாக்கத்தின் கிழக்குக் கோடியில், பெங்கே என்ற ஊரிலேயே, பாறை வேறு முகம் காட்டியது. 205 கோடி ஆண்டுகளுக்கு முன் புஷ்வெல்ட் எனப்படும் மாபெரும் எரிகுழம்பு உள்ளே பரவியபோது ஏறிய சூட்டில், இரும்பும் சிலிக்காவும் சேர்ந்து நார்நாராக வளர்ந்து அமோசைட் ஆஸ்பெஸ்டாஸ் ஆனது. அதைத் தோண்டியவர்களின் நுரையீரலும், சுற்றியிருந்த ஊர்களின் நுரையீரலும் அழிந்த கதை தனி. ஒரே அடுக்கு, ஒரு முனையில் ரயில் தண்டவாளம், மறு முனையில் மரணம்.

தாபாசிம்பியின் தலையெழுத்தை எழுதிய இன்னொன்று, தாபாசிம்பி-மர்ச்சிசன் என்று பெயர் பெற்ற நீண்ட நிலப்பிளவு மண்டலம். பூமியின் மேலோட்டில் மிகப் பழைய காலத்திலிருந்து திரும்பத் திரும்ப அசைந்த கோடு அது. அந்த அசைவில் தட்டையாகக் கிடந்த அடுக்குகள் முறிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சாய்ந்தன. மலைவரிசை ஒன்றாக இல்லாமல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். தாது, அந்தச் சாய்ந்த அடுக்கின் அடிவாரத்தில், டாலமைட்டுக்குச் சற்று மேலே, களிமண் இறுகி உண்டான மெல்லிய ஷேல் படிவத்தை ஒட்டி, வில்லை வில்லையாக மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கனத்த புத்தகங்களுக்கு நடுவே செருகிய தோசைக்கல் போல.

பெயரிலேயே இருந்த 'கண்டுபிடிப்பு'

1919இல் ஜே. எச். வில்லியம்ஸ் என்பவர் இங்கே இரும்புத் தாதுவைக் கண்டுபிடித்தார் என்று எல்லா வரலாறும் எழுதுகிறது. ஊரின் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும். தாபா என்றால் மலை, சிம்பி என்றால் இரும்பு. எங்கள் பெரியவருக்கு டர்பன் பக்கத்துச் சூலு நன்றாக வரும். "இன்சிம்பி" என்று தானாகவே சொல்லிவிட்டு, "பேர்லயே இருக்கே, இதுல கண்டுபிடிக்க என்ன?" என்றார். ஆப்பிரிக்காவின் இந்தத் தென்பகுதியில் முதலாம் ஆயிரமாண்டிலேயே மண் உலை மூட்டி இரும்பு உருக்கியவர்கள் இருந்தார்கள். இரும்புக்கும் முன்பே காவிக்காகத் தோண்டியவர்களும் இருந்தார்கள். அண்டை நாடான எஸ்வாட்டினியின் நிக்வென்யா மலையில், சிங்கக் குகை என்ற இடத்தில் 40,000 ஆண்டுகளுக்கும் முன்பே செங்காவி வெட்டியிருக்கிறார்கள். அந்த மலையையும் 1964 முதல் 1977 வரை திறந்தவெளிச் சுரங்கமாக்கிக் குடைந்து, தாதுவை ஜப்பானுக்குக் கப்பலேற்றினார்கள்.

வில்லியம்ஸ் கண்டது வீணாகாமல் போனதற்கு அரசியல் காரணம். 1928இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு இஸ்கோர் என்ற அரசு உருக்காலையை நிறுவியது. ஹென்ட்ரிக் ஃபான் டெர் பெய்ல் அதன் தலைவர். பிரிட்டோரியாவின் மேற்கே ஆலை எழுந்து 1934இல் உலை பற்றியது. அதற்குத் தீனி போடத் தாபாசிம்பியில் 1931இலேயே வேலை தொடங்கிவிட்டது. ரயில் பாதை வந்தது, வீடுகள் வந்தன, 1953இல் ஊர் முறைப்படி நகரமாக அறிவிக்கப்பட்டது.

பெரியவர் பிறந்தது பிரிட்டோரியாவின் மராபாஸ்டாட்டை ஒட்டிய ஆசியாட்டிக் பஜாரில். மாரியம்மன் கோயில் இருக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சிறுவனாக மொட்டை மாடியில் படுத்தால், உருக்கை வார்க்கும் இரவுகளில் மேற்கு வானம் சிவந்து தெரியுமாம். "எங்க ஆயா அதைக் காட்டி, பாரு, மாரியம்மா அடுப்பு மூட்டிட்டான்னு சொல்லும்." 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி அந்தத் தெருக்களைக் காலி செய்து, மக்களை லாடியத்துக்கு அனுப்பினார்கள். கோயில் அங்கேயே நின்றது. லாடியத்துக்கு வந்த பிறகும் புகைபோக்கிகள் தொலைவில் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

"நம்ம ஆளுங்க யாராச்சும் இந்தச் சுரங்கத்துல வேலை பாத்தாங்களா?" என்று அவர் கேட்டது இயல்பான கேள்வி. பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1911இன் சுரங்க, ஆலைச் சட்டத்தை 1926இல் திருத்தியபோது, வெடி வைப்பது, எந்திரம் ஓட்டுவது போன்ற தேர்ச்சிச் சான்றிதழ் வேண்டிய வேலைகள் யாருக்குக் கிடைக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஐரோப்பியர், கேப் கலப்பினத்தவர், கேப் மலாய்க்காரர். இவர்களோடு மொரீஷியஸ் கிரியோல்கள், செயின்ட் ஹெலினா தீவினர்கூட அதில் இருந்தார்கள். ஆப்பிரிக்கர் இல்லை. இந்தியர் இல்லை. ஏழை வெள்ளையருக்கு வேலை கொடுப்பதை இஸ்கோர் தன் நோக்கங்களில் ஒன்றாகவே கொண்டிருந்தது. மண்வெட்டியும் பாரமும் கறுப்பினத் தொழிலாளர் தலையில் விழுந்தன. இரண்டு பக்கமும் நமக்கு இடமில்லை. தமிழர்களுக்குச் சுரங்கம் தெரியாது என்பதில்லை. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் டண்டியிலும் நியூகாசிலிலும் நிலக்கரி வெட்டியவர்கள் நம்மவர்கள். 1913 அக்டோபரில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்ததற்கு, டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பேசியது ஒரு காரணம். ஆனால் இரும்பு மலை வேறு உலகம்.

கணக்கு எங்கே உதைத்தது

இப்போது அவருடைய முதல் கேள்விக்கு வருகிறேன்.

நெய்வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி அங்கே பாய் விரித்தது போல ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. மேலே இருக்கும் மண்ணை எடுத்துப் பின்னால் கொட்டிக்கொண்டே குழி பக்கவாட்டில் நகரும். இன்றைக்கு ஒரு டன்னுக்கு எவ்வளவு மண் எடுத்தீர்களோ, ஐந்து வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே அளவு. சாய்ந்து இறங்கும் தாதுவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதைத் துரத்திக் கீழே போகத்தான் வேண்டும், கீழே போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் குழியின் வாயை அகலப்படுத்தியாக வேண்டும்.

புரிவதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. இது தாபாசிம்பியின் அளவீடு இல்லை, நானாகப் போட்டது. தாது 20 மீட்டர் தடிமன், 45 டிகிரி சாய்வு, மேலே தரை சமம், குழியின் எதிர்ச்சுவரும் 45 டிகிரி. 50 மீட்டர் ஆழம் வரை தோண்டினால் 1 கன மீட்டர் தாதுவுக்கு ஏறக்குறைய 1.1 கன மீட்டர் கழிவுப்பாறை. 100 மீட்டருக்குப் போனால் 2.8. 200 மீட்டரில் 6.3. இவை சராசரிதான். 200ஆவது மீட்டரில் எடுக்கும் அந்தக் கடைசித் தாதுவுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் 1க்கு 13. முதலாளி சராசரியைப் பார்த்து நிம்மதியாக இருக்கலாம். குழியை மூடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அந்தக் கடைசி மீட்டர்தான்.

தாபாசிம்பியில் நிலைமை இந்த மாதிரியைவிடக் கடினம். தாதுவின் மேல்பக்கம் இருப்பது பட்டை இரும்புப்பாறை. மழையிலும் வெயிலிலும் அசையாமல் மலையாக நின்றதே அதுதான். ஆகவே தாதுவைத் தொடர்ந்து தெற்கே போகப் போக, தலைக்கு மேல் மலையும் உயரும். வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும். உடைத்ததில் இரும்பு 30 சதவீதம் இருந்தும் கழிவுக் குன்றில்தான் கொட்ட வேண்டும்.

கீழ்ச்சுவரிலும் தொந்தரவு. அடுக்குகள் குழியை நோக்கிச் சாய்ந்திருக்கும் பக்கத்தில், நடுவே வழுக்கும் ஷேல் இருந்தால், சரிவாகப் பிடித்த சீட்டுக்கட்டு போல மேலடுக்கு வழுக்கி இறங்கப் பார்க்கும். சுவரைச் சரிவாக வெட்டினால் பத்திரம், ஆனால் கழிவு கூடும். செங்குத்தாக வெட்டினால் செலவு மிச்சம், ஆனால் உயிருக்கு ஆபத்து. சாய்ந்த தாதுவில் வேலை செய்யும் எல்லாச் சுரங்கப் பொறியாளர்களும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் காலம் தள்ளுகிறார்கள். இங்கே ஒரே பெருங்குழியாக இல்லாமல் மலை நெடுக டோங்கர்போர்ட், குவாகஸ்ஹூக், பஃபல்ஸ்ஹூக் என்று தனித்தனிக் குழிகள் இருப்பதும் தாது வில்லை வில்லையாகக் கிடப்பதால்தான்.

இந்தச் சமயத்தில் மேற்கே ஒரு பங்காளி வளர்ந்துவிட்டான். 1953இல் இஸ்கோர் சிஷென் என்ற இடத்தில் தோண்டத் தொடங்கியது. அங்கேயும் டாலமைட்டும் பட்டை இரும்புப்பாறையும்தான், ஆனால் கிடை வேறு. டாலமைட் கரைந்து உண்டான பழங்காலப் பொந்துகளுக்குள் இரும்புப்பாறை இடிந்து விழுந்து, அங்கேயே செறிந்து, அகலமாகப் பரந்து கிடந்தது. சென்சூரியனில் வீட்டை விழுங்கும் அதே பொந்து, சிஷெனில் இரும்பைச் சேர்த்து வைத்த களஞ்சியம். இன்று அந்தக் குழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். 1976இல் சல்டானா துறைமுகத்துக்கு 861 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 2014, 2015இல் அங்கே ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் தாது எடுத்தார்கள். அண்ணனாகப் பிறந்த தாபாசிம்பி, தம்பி நிழலில் ஒதுங்கிய கதை.

உரிமையாளர்கள் மாறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1989இல் இஸ்கோர் தனியார்மயமானது. 2001இல் சுரங்கங்கள் கும்பா என்ற நிறுவனமாகப் பிரிந்தன, உருக்காலைகள் பின்னர் ஆர்செலர்மிட்டல் கைக்குப் போயின. தாபாசிம்பித் தாது முழுக்க அந்த உருக்காலைகளுக்கே என்பது ஏற்பாடு. வெளிச்சந்தையில் விற்று நல்ல காலத்தில் காசு பார்க்கும் வழி இதற்கு இருக்கவில்லை.

2011இல் ஒரு டன் தாது 190 டாலர் வரை போனது. 2015 டிசம்பரில் 40க்கும் கீழே. அந்த ஆண்டு ஜூனில் ஒரு குழியின் சுவர் சரிந்தது. ஜூலையில் சுரங்கத்தை மூடப்போவதாகக் கும்பா அறிவித்தது. சரிந்த பாறையை அள்ளி, சுவரை மறுபடி பின்னுக்குத் தள்ளி, அதன்பின் மிஞ்சும் தாதுவை எடுப்பதென்றால், மேலே சொன்ன கடைசி மீட்டர் கணக்கு இன்னும் மோசமாகியிருக்கும். விலை 190ஆக இருந்தபோது சரிந்திருந்தால் அள்ளியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். விலை மட்டும் விழுந்து சுவர் நின்றிருந்தால் இன்னும் சில ஆண்டு இழுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன. 2016இல் எஞ்சிய தாதுவைப் பதப்படுத்தும் வேலையும் முடிந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2018 நவம்பரில் சுரங்கம் ஆர்செலர்மிட்டல் கைக்குப் போனது.

ஊரும் குழியும்

சுரங்கத்துக்காகவே பிறந்த ஊர் சுரங்கம் போனதும் பாழாகும் என்று நினைத்துத்தான் போனேன். கடைத்தெருவில் கூட்டம் இருந்தது. தெற்கே அமன்டல்புல்ட், நார்தம் பிளாட்டினச் சுரங்கங்கள் அப்போது ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. பிளாட்டினம் கிடைப்பதும் அந்த 205 கோடி ஆண்டுப் புஷ்வெல்ட் எரிகுழம்பில்தான். பக்கத்திலேயே மராகெலே தேசியப் பூங்கா, கிரான்ஸ்பெர்க் பாறைமுகடுகளில் கேப் கழுகுகளின் பெரிய குடியிருப்பு. வேட்டைப் பண்ணைகளும் உண்டு. இரும்புச் சுரங்கத்தார் இருந்த வீடுகளில் பிளாட்டினச் சுரங்கக்காரர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று பெட்ரோல் பங்கில் நின்ற ஒருவர் சொன்னார்.

குழிகளைப் பற்றி ஒரு ஆறுதல். ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் கந்தகமும் இரும்பும் கலந்த பைரைட் என்ற கனிமமும் நீரும் காற்றும் சேர்ந்து அமிலத் தண்ணீர் பொங்குவது இந்த நாட்டின் தீராத தலைவலி. ஹேமடைட்டில் கந்தகம் இல்லை. அமிலம் கொஞ்சம் உண்டானாலும் அருகிலிருக்கும் டாலமைட் அதை முறித்துவிடும், வயிற்றெரிச்சலுக்குச் சுண்ணாம்பு மாத்திரை போட்டது போல. ஆனால் அதே டாலமைட் நிலத்தடி நீரின் களஞ்சியமும்கூட. சுற்றுப்புறப் பண்ணைகளின் ஆழ்குழாய்க் கிணறுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. குழிக்குள் என்ன கொட்டுகிறார்கள் என்பதில் கண் வைக்க வேண்டியது அதனால்.

திரும்பும் வழியில் சாலையோரச் சரளையில் பெரியவர் ஒரு கல்லைப் பொறுக்கினார். உள்ளங்கை அளவுதான், ஆனால் மடியில் வைத்ததும் "என்ன கனம்" என்றார். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. வீட்டில் அவருடைய பேத்தி குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கி வந்து வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. "இது இரும்பே இல்ல தாத்தா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் எழுந்து, குளியலறை வேலையில் மிஞ்சிய டைல்ஸ் ஒன்றைத் திருப்பி, முதுகில் கல்லை அழுத்தி ஒரு கோடு இழுத்தார். சிவப்பாக விழுந்தது. அவளைக் கூப்பிட்டார்.